மறுபடியும் சொல்லுங்கள்

"மாமா, எனக்குக் காது கேட்கவில்லை."

தொலைபேசியில் ஸலாம் சொல்லி முடித்ததும் என் மருமகன் சொன்ன முதல் வார்த்தை இதுதான். 2022 டிசம்பர் மாதம். இஷாத் தொழுகை முடிந்து பள்ளியின் படியிறங்கிக் கொண்டிருந்தேன். பதறிப் போனேன். விமானம் ஓட்டப் பயிலும் பிள்ளை. உயரத்தில் பறந்து பறந்து காதில் ஏதேனும் கோளாறு நேர்ந்துவிட்டதோ என்று நெஞ்சு படபடத்தது.

"டாக்டரிடம் காட்டினாயா, வாப்பா?" என்றேன்.

"காதில் ஒன்றுமில்லை மாமா. ரேடியோவில் பேசுகிறார்களே, அது கேட்கிறது, ஆனால் புரியவில்லை. இப்படியே போனால் என்னைத் தனியாகப் பறக்க விடமாட்டார்களாம்."

அவன் குரல் தழுதழுத்தது. என்ன ஆறுதல் சொல்வதென்று தெரியாமல், "இன்ஷா அல்லாஹ் சரியாகிவிடும்" என்று மட்டும் சொல்லி வைத்தேன். நானோ மதரஸாவில் குழந்தைகளுக்கு ஓதிக் கொடுப்பவன். கல்லூரியில் படித்தது வரலாறு. விமானத்தில் ஏறியதே வாழ்வில் இருமுறைதான், இரண்டும் உம்ராவுக்காக.

என் ராத்தாவின் ஒரே மகன் அவன். மச்சான் சவூதியில் 22 ஆண்டுகள் கடைச் சிப்பந்தியாக நின்று சேர்த்த பணம், ஊருக்கு வெளியே இருந்த தென்னந்தோப்பு, ராத்தாவின் கழுத்தில் மிச்சமிருந்த நகை ஆகிய மூன்றையும் திரட்டித்தான் வடநாட்டுப் பயிற்சிப் பள்ளி ஒன்றில் அவனைச் சேர்த்திருந்தார்கள். வணிக விமானி உரிமம் பெற நம் நாட்டில் குறைந்தது 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அங்கே ஒவ்வொரு மணி நேரத்துக்கும் மீட்டர் போட்ட ஆட்டோவைப் போலப் பணம் ஏறும். தனியாகப் பறக்கும் நிலையை எட்டாமல் பயிற்சியாளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே மணிக்கணக்கை ஓட்டினால் தோப்புப் பணம் பாதியிலேயே தீர்ந்துவிடும். அழுகை எங்கிருந்து வருகிறது என்பது எனக்குப் புரிந்தது.

ஜனவரியில் வடக்கே மூடுபனி அடர்ந்து பல நாட்கள் விமானங்கள் மேலெழும்ப இயலாமல் போகவே, இரு வாரங்களுக்கு ஊருக்கு வந்தான். வந்த அன்று இரவே நடந்ததை எல்லாம் கேட்டறிந்தேன்.

ஒரு நாள் காலை, பயிற்சியாளர் அருகில் அமர்ந்திருக்க, சிறிய விமானத்தைத் தரையில் உருட்டிக்கொண்டு ஓடுபாதையை நோக்கிப் போயிருக்கிறான். கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. வழக்கமாக அவ்விடத்தில் "ஓடுபாதையில் ஏறி நில்" என்ற உத்தரவுதான் வரும், அதையே எதிர்பார்த்திருந்தான். அன்று வந்ததோ "ஓடுபாதைக்கு முன்னால் நில்" என்பது. இவன் காதில் ஓடுபாதையின் எண் மட்டுமே விழுந்தது. "ராஜர்" என்று சொல்லிவிட்டு விமானத்தை முன்னே நகர்த்தினான். பயிற்சியாளர் பாய்ந்து பிரேக்கை மிதித்தார். தரையில் வரைந்த மஞ்சள் கோட்டருகே விமானம் குலுங்கி நின்றது. அடுத்த நிமிடம் வேறொரு விமானம் அதே ஓடுபாதையில் இறங்கிக் கண்முன்னே ஓடியது.

"பயிற்சியாளர் திட்டினாரா?"

"திட்டவில்லை மாமா. ஒன்றே ஒன்று கேட்டார். புரியவில்லை என்றால் மறுபடியும் சொல்லுங்கள் என்று கேட்பதற்கு உனக்கு என்ன தடை என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை."

பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த ராத்தா தலை நிமிராமலே சொன்னார்: "சின்னப் பிள்ளையில் கேள்வி கேட்டுக் கேட்டு என் உயிரை வாங்கியவன்தான். உன்னிடம் ஓத வந்த பிறகுதான் தம்பி, வாய் அடங்கிப் போனான்."

ராத்தா அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. பிள்ளைக்கு அடக்கம் வந்ததைப் பெருமையாகவே சொன்னார். ஆனால் எனக்கு அன்றிரவு உறக்கம் பிடிக்கவில்லை.

பன்னிரண்டு பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன், என் வகுப்பில் ஏழெட்டு வயதுப் பிள்ளையாய் அவன் அமர்ந்திருந்த காட்சி நினைவுக்கு வந்தது. ஒரே வரியை இரண்டாம் முறை கேட்டால் சொல்லிக் கொடுப்பேன். மூன்றாம் முறை கேட்டால், "எத்தனை தடவை சொல்வது? காதை எங்கே வைத்திருந்தாய்?" என்று சீறுவேன். மேசை மேல் பிரம்பு இருந்தது. அவன் மீது அது பட்டதில்லை என்றாலும் மேசை மீது பட்டிருக்கிறது. பிள்ளைகள் விரைவில் பாடம் கற்றுக்கொண்டார்கள். புரிந்தாலும் புரியாவிட்டாலும் "சரி உஸ்தாத்" என்று ஒரே குரலில் சொல்லிவிடுவார்கள். அதையே அதபு என்று நானும் மகிழ்ந்திருந்தேன். அந்த "சரி உஸ்தாத்" தான் வடநாட்டு விமான நிலையத்தில் "ராஜர்" என்று ஒலித்திருக்கிறது!

மறுநாள் அவன் கொண்டுவந்திருந்த பாடநூல்களை வாங்கிப் புரட்டினேன். படிக்கப் படிக்க வியப்பாக இருந்தது. நம் தஜ்வீது வகுப்புக்கும் இந்த வானொலிப் பேச்சுக்கும் உள்ள உறவை எவரும் எனக்குச் சொன்னதில்லை.

"ராஜர்" என்றால் "சரி" என்றோ "அப்படியே செய்கிறேன்" என்றோ பொருளில்லை. "நீங்கள் கடைசியாகச் சொன்னது முழுவதும் என்னை வந்தடைந்தது" என்பது மட்டுமே அதன் பொருள். செய்வதாக ஒப்புக்கொள்வதற்கு "வில்கோ" என்று வேறு சொல். ஆம் என்பதற்கு "அஃபர்ம்", இல்லை என்பதற்கு "நெகடிவ்", என்னால் இயலாது என்பதற்கு "அனேபிள்", மறுபடியும் சொல்லுங்கள் என்பதற்கு "சே அகெய்ன்". ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரே ஒரு பொருள்தான். இன்னும் முக்கியமானது, சில உத்தரவுகளுக்கு "ராஜர்" என்று சொல்லித் தப்பவே முடியாது. எந்த ஓடுபாதை, எவ்வளவு உயரம், எந்தத் திசை, இறங்கலாமா, ஏறலாமா, எங்கே நிற்க வேண்டும் என்பன போன்றவற்றைக் கேட்டவர் அப்படியே திரும்ப ஒப்பிக்க வேண்டும். சொன்னவர் அதைச் செவிமடுத்து, பிழையிருந்தால் உடனே திருத்த வேண்டும். மாணவன் ஓத, உஸ்தாத் கேட்டுத் திருத்தும் முறை இதுவன்றி வேறென்ன? தொழுகையில் இமாம் ஓதுகையில் தடுமாறினால் பின்னால் நிற்பவர் லுக்மா கொடுக்கிறாரே, அதையும் நினைத்துக்கொண்டேன். அங்கே திருத்துபவர் இமாமைவிட இளையவராக இருக்கலாம். எவரும் அதைக் குறையாகக் கருதுவதில்லை.

எழுத்துகளின் ஒலிக்கும் அங்கே பெரும் கவனம். கல்ப் என்று தமிழில் எழுதினால் இதயமா, நாயா என்று தெரியாது. இரண்டு காஃபுக்கும் ஒலி பிறக்கும் இடம் வேறு. முதல் மாதத்திலேயே இதைச் சொல்லிப் பிள்ளைகளைச் சிரிக்க வைப்பது என் வழக்கம். வானொலியின் இரைச்சலில் ஆங்கில எழுத்துகளுக்கும் இதே தொல்லை. பீ, டீ, வீ எல்லாம் ஒன்றுபோல் ஒலிக்கும். ஆகவேதான் ஆல்ஃபா, பிராவோ, சார்லி என்று எழுத்துக்கொரு சொல்லை வைத்தார்கள். ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானிஷ் பேசும் மக்கள் அனைவரின் நாவுக்கும் காதுக்கும் பொருந்துமாறு தேர்ந்து, சோதித்து, மாற்றி, 1956 மார்ச் முதல் தேதியிலிருந்து இன்றுள்ள வரிசை நடைமுறைக்கு வந்தது. ஒன்பதை "நைனர்" என்கிறார்கள், ஐந்தை "ஃபைஃப்" என்கிறார்கள். இரண்டும் குழம்பிவிடக் கூடாதல்லவா? மூன்றுக்கு "ட்ரீ". நம் ஊரில் ஆங்கிலம் தெரியாத கிழவர் அப்படிச் சொன்னால் சிரிப்போம். உலக விமானிகள் அனைவருக்கும் அதுவே விதி.

இவ்வளவு பிடிவாதம் எதற்கு என்பதையும் தேடிப் படித்தேன். 1977 மார்ச் 27 அன்று, ஸ்பெயினுக்குச் சொந்தமான டெனரீஃப் தீவில், மூடுபனி சூழ்ந்த ஓடுபாதையில் இரண்டு 747 ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்தனர். விமான வரலாற்றில் அதைவிடப் பெரிய விபத்து இன்றுவரை இல்லை. புறப்பட நின்ற டச்சு விமானத்திலிருந்து, கிளம்புகிறோம் என்றும் கிளம்பும் இடத்தில் நிற்கிறோம் என்றும் இருபொருள்படும் ஒரு வாக்கியம் போயிற்று. கோபுரத்திலிருந்தவர் "ஓகே" என்று தொடங்கி, காத்திருக்கும்படி சொன்னார். அதே கணத்தில் ஓடுபாதையில் இருந்த அமெரிக்க விமானமும் தான் இன்னும் அங்கேயே இருப்பதாகக் கூவியது. விமான வானொலியில் ஓர் அலைவரிசையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். இருவர் ஒருசேரப் பொத்தானை அழுத்தினால் இரு பேச்சும் சிதைந்து ஒரு கீச்சொலியே மிஞ்சும். டச்சு விமானிகளின் காதில் விழுந்தது அந்தக் கீச்சொலிதான்.

அந்த விமானத்தில் ஒருவருக்கு ஐயம் எழுந்தது. விமானப் பொறியாளர், அமெரிக்க விமானம் இன்னும் விலகவில்லையோ என்று கேட்டார். தலைமை விமானி அந்நிறுவனத்தின் மிக மூத்தவர்களுள் ஒருவர். விலகிவிட்டது என்று அழுத்தமாகச் சொல்லிவிட்டார். பொறியாளர் இரண்டாம் முறை கேட்கவில்லை.

இவ்விடத்தில் புத்தகத்தை மூடிவிட்டுச் சிறிது நேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன்.

மற்றொன்று நம் மண்ணில் நிகழ்ந்தது. 1996 நவம்பர் 12. அப்போது நான் அரபிக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த சிறுவன். மறுநாள் பத்திரிகையை ஒருவர் உரக்கப் படிக்க, தேநீர்க் கடையில் ஊரே கூடி நின்றது. டெல்லிக்கு மேற்கே அரியானாவின் சர்க்கி தாத்ரியின் மேல், சவூதிக்குப் புறப்பட்ட விமானமும் கஜகஸ்தானிலிருந்து வந்த விமானமும் வானில் மோதி 349 பேரும் மாண்டனர். சவூதி விமானத்தில் இருந்தவர்களில் பலர் பிழைப்புக்காக வளைகுடா சென்ற தொழிலாளர்கள். அன்று எங்கள் ஊரில் வெளிநாட்டில் ஆளில்லாத வீடு குறைவு. உம்மாமார்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றது நினைவிருக்கிறது. கஜக விமானம் 15,000 அடியில் நிற்க வேண்டும். சவூதி விமானத்துக்கு 14,000 அடி. எதிரே விமானம் வருகிறது என்ற எச்சரிக்கையும் கொடுக்கப்பட்டது. பெற்றுக்கொண்டதாகப் பதிலும் வந்தது. ஆயினும் கஜக விமானம் கீழே இறங்கிவிட்டது. அதில் வானொலியில் பேசியவர் ஒருவர், விமானத்தைச் செலுத்தியவர்கள் வேறு. அவர்களுக்கு ஆங்கிலம் போதாமல் இருந்ததும் விசாரணையில் பேசப்பட்டது. வானில் விமானங்கள் நெருங்கினால் தாமாகவே எச்சரிக்கும் கருவி இந்தியாவில் கட்டாயமானது அதன் பின்னர்தான். உத்தரவைப் பெற்றுக்கொண்டேன் என்று வாய் சொல்வதும், பெற்றுக்கொண்டதற்கேற்பக் கை இயங்குவதும் வெவ்வேறு என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

நான் படித்ததை மருமகனிடம் சொன்னபோது, "இதெல்லாம் எங்களுக்கும் வகுப்பில் சொன்னார்கள் மாமா" என்றான். அவனுக்கு இது பாடம். எனக்கோ, பதின்மூன்று ஆண்டுக் கணக்கு.

சரி, இனிச் செய்ய வேண்டியதைப் பார்ப்போம் என்று மறுநாள் அஸருக்குப் பிறகு வீட்டுக் கொல்லையில் தொடங்கினோம். துணி காயும் கொடிக்கு நேர் கீழே ஒரு கோடு கிழித்து அதை ஓடுபாதை ஆக்கினோம். கொய்யா மரம் காத்திருக்கும் இடம். கிணற்று மேடைதான் கட்டுப்பாட்டுக் கோபுரம், அதில் நான். அவன் கொல்லையைச் சுற்றி நடந்தபடி, விமானம் எங்கெங்கே என்னென்ன சொல்ல வேண்டுமோ அங்கங்கே நின்று சொல்ல வேண்டும். ஓதல் முடிந்து வீடு திரும்பும் என் மாணவர்கள் மதில் மேல் வரிசையாக உட்கார்ந்து பார்த்தார்கள். அடுத்த வீட்டுக்காரர் ராத்தாவிடம், பிள்ளைக்கு ஏதும் மன வருத்தமா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

முதல் இரு நாட்கள் நான் தெளிவாக, நிறுத்தி, அழகாகப் படித்தேன். அவனும் பிழையின்றி ஒப்பித்தான். மூன்றாம் நாள்தான் அது பயனற்றது என்று எனக்கு உறைத்தது. உண்மையான வானொலியில் எவரும் நிறுத்திப் பேசுவதில்லையாம். என்னிடமிருந்த பழைய டிரான்சிஸ்டரைக் கொண்டுவந்து, எந்த நிலையமும் கிடைக்காத இடத்தில் முள்ளை நிறுத்தி, 'உஷ்ஷ்' என்ற இரைச்சலை உரக்க வைத்தேன். அதற்கு மேல் வாயில் துணியைப் பொத்திக்கொண்டு, ஒரே மூச்சில் வேகமாகச் சொன்னேன்: ஓடுபாதை டூ செவன், காற்று 260 பாகையிலிருந்து 8 நாட், காற்றழுத்தம் 1012. பிள்ளை திகைத்து நின்றான். "ராஜர்" என்று உதடு அசைந்தது.

"சொல்லாதே!" என்று கிணற்று மேடையிலிருந்து கத்தினேன். "புரிந்ததா?"

"இல்லை மாமா."

"புரியாததற்கு என்ன சொல்ல வேண்டும்?"

நெடுநேரம் கழித்து, தரையைப் பார்த்துக்கொண்டு, "சே அகெய்ன்" என்றான்.

பெரியவரை நோக்கி அதைச் சொல்ல அவனுக்கு எவ்வளவு கூச்சமாக இருந்தது என்பதை அப்போதுதான் கண்ணால் கண்டேன். அன்று மாலை முழுவதும், புரிந்தாலும் புரியாவிட்டாலும் ஒவ்வொரு உத்தரவுக்கும் அவன் "சே அகெய்ன்" சொல்லியே ஆக வேண்டும் என்று விதித்தேன். முப்பது முறையாவது சொல்லியிருப்பான். இருபதாவது முறையில் குரல் சற்று உயர்ந்தது, கடைசியில் சிரித்துவிட்டான்.

மற்றபடி, கேட்பதற்கும் ஒரு வழி இருக்கிறது. அதை அவனே கண்டுபிடித்தான் என்பதைச் சொல்ல வேண்டும். வருகிற பேச்சு முழுவதையும் சொல்லுக்குச் சொல் பிடிக்க முயன்றால் எதுவும் சிக்காது. ஆனால் எல்லாப் பேச்சுக்கும் ஒரே சட்டம்தான்: யாருக்கு, என்ன செய்ய, எந்த எண். சட்டம் மாறுவதில்லை; அதில் வந்து உட்காரும் எண்கள்தான் மாறுகின்றன. ஒரு தாளில் ஓடுபாதை, காற்று, அழுத்தம், உயரம் என்று காலிக் கட்டங்கள் வரைந்து கொண்டான். வரப்போவது எந்தக் கட்டத்துக்கு என்று முன்னரே அறிந்து காதைத் தீட்டி வைத்திருந்தான். ஹிஃப்ழு செய்யும் பிள்ளைகளும், ஒன்றுபோல் வரும் ஆயத்துகளில் மாறும் சொல்லைத்தான் அடையாளம் வைப்பார்கள். அழுத்த எண்ணில் நான் அவனை விடவேயில்லை. ஓர் எண் பிசகினால் உயரமானியில் ஏறத்தாழ 27 அடி பிசகும். பத்துப் பிசகினால் 270 அடி. தரைக்கு அருகில் வரும்போது அது மரம், கட்டடம், மலை.

ஆயினும் கட்டத்தில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. வரும் என்று எதிர்பார்த்தது வந்ததாகவே காது பொய் சொல்லும். அவனுக்கு அன்று நேர்ந்தது அதுதான். ஆகவே இடையிடையே, இறங்கு என்று சொல்ல வேண்டிய இடத்தில் சுற்று என்பேன். 27 என்ற ஓடுபாதையை 09 என்பேன். என் ராத்தாவுக்கு இந்த வேலை மிகவும் பிடித்துவிட்டது. சமையலறைச் சன்னலிலிருந்து திடீர் திடீரென்று, "நீ இறங்கக் கூடாது, மேலே போ!" என்று தமிழில் உத்தரவு போடுவார். அவன் அதையும் ஆங்கிலத்தில் ஒப்பித்துவிட்டுக் கொல்லையை இன்னொரு முறை சுற்றுவான்.

பிப்ரவரியில் அவன் திரும்பிப் போனான். அதற்குப் பிறகு ஃபஜ்ருக்குப் பின் பத்து நிமிடம் தொலைபேசியில் பாடம் நடந்தது. வானொலியைக் கையாளத் தனி உரிமமும் அதற்கொரு தேர்வும் உண்டு. அப்போது அதைத் தொலைத்தொடர்புத் துறை நடத்தி வந்தது. அந்தப் பொறுப்பை விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்துக்கு மாற்றியது 2024ஆம் ஆண்டுச் சட்டம். அத்தேர்வின் வாய்மொழிப் பகுதி கடினமென்று பேர் போனது. அதற்கும் எங்கள் கிணற்று மேடைப் பயிற்சியே உதவியது என்று அவன் சொல்கிறான். மாமாவின் மனம் குளிரச் சொல்கிறானோ என்னவோ.

2023 மார்ச் மாதம், ரமளானுக்குச் சில நாட்கள் முன்பு ஒரு முற்பகலில் தொலைபேசி ஒலித்தது. வகுப்பு நடந்துகொண்டிருந்தது. வகுப்பு நேரத்தில் நான் எடுப்பதில்லை, அன்று எடுத்தேன்.

"மாமா, தனியாகப் பறந்துவிட்டேன். அல்ஹம்துலில்லாஹ். ஒரே ஒரு சுற்று."

எனக்கு உடனே பேச்சு வரவில்லை. அவனே தொடர்ந்தான். காற்றோடு ஓடுபாதைக்கு இணையாகப் பறந்துகொண்டிருந்தபோது, வழக்கமில்லாத உத்தரவு ஒன்று கோபுரத்திலிருந்து வந்ததாம். முன்னால் வேறொரு விமானம் இருந்ததால், திரும்பாமல் இன்னும் சற்றுத் தூரம் நேரே போகச் சொல்லியிருக்கிறார்கள். பக்கத்து இருக்கை காலி. கேட்க ஆளில்லை.

"என்ன செய்தாய், வாப்பா?"

"சே அகெய்ன் என்றேன் மாமா. அவர் நிதானமாக மறுபடியும் சொன்னார். ஒப்பித்தேன். போனேன், திரும்பினேன், இறங்கினேன். இறங்கியதும் பயிற்சியாளர் கைகொடுத்தார். நன்றாக இறக்கினாய் என்று சொல்லவில்லை. நன்றாகக் கேட்டாய் என்றார்."

ராத்தாவுக்குச் சொல்ல வீட்டுக்கு ஆளனுப்பிவிட்டு வகுப்புக்குத் திரும்பினேன். புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு சிறுமி, ஆறு வயதிருக்கும், கைவிரலை எழுத்தின் மீது வைத்தபடி எனக்காகக் காத்திருந்தாள். மேசை மேல் இருந்த பிரம்பு ஜனவரியிலேயே பரணுக்குப் போய்விட்டது. கொல்லையில் கொடி தாழ்ந்தபோது ராத்தா அதை எடுத்து முட்டுக் கொடுத்துக்கொண்டார். சிறுமிக்கு ஹா என்ற எழுத்தைத் தொண்டையின் நடுவிலிருந்து எடுத்துச் சொன்னேன். அவள் என் முகத்தை ஒருமுறை பார்த்தாள். பிறகு பக்கத்துப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள்.

"மறுபடியும் சொல்லுங்க உஸ்தாத்" என்றாள்.

சொன்னேன். இன்னொரு முறை கேட்டாள். சொன்னேன். லுஹர் பாங்கு ஒலிக்கும் வரை அன்றைய பாடம் அந்த ஓர் எழுத்தைத் தாண்டவேயில்லை.